22 ரன்னும் 21 ரன்னும்

ஆகஸ்ட் மாதத்தைக் கிரிக்கெட் ஆடத் தோதான மாதம் என்று சென்னையில் யாரும் சொல்ல மாட்டார்கள். காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு மழை வந்து ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடவைக்கும். புச்சி பாபு கோப்பை ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தப் புழுக்கத்தில்தான் நடக்கின்றன. ரஞ்சி சீசன் தொடங்குமுன் மாநில அணிகள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ளும் போட்டி அது. யார் ஃபார்மில் இருக்கிறார், யாருக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை, புதிதாக வந்த பையன் சிவப்புப் பந்தை எப்படி விடுகிறான் என்று பார்க்க வருகிறவர்களே அதிகம். கோப்பையை யார் தூக்கினார்கள் என்பது அடுத்த வருடம் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

போட்டிக்குப் பெயர் தந்த புச்சி பாபு நாயுடு மயிலாப்பூர் லஸ்ஸில் பெரிய வீட்டில் வாழ்ந்தவர். சேப்பாக்கத்து வெள்ளைக்காரக் கிளப்பில் இந்திய ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் போக முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பொறுக்காமல், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதும் ஆட்டம் ஒன்றை 1908 கடைசியில் ஏற்பாடு செய்தார். அது நடப்பதைப் பார்க்காமலே இறந்துபோனார். வாய்ப்புக் கேட்டு நிற்பவர்களின் போட்டி அவர் பெயரில் நடப்பது பொருத்தம்தான்.

2025 ஆகஸ்டில் மும்பையின் சர்ஃபராஸ் கான் இங்கே வந்து தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் அணிக்கு எதிராக 138 அடித்தார். இந்திய டெஸ்ட் அணியில் இடத்தை இழந்தவர், உடம்பைக் குறைத்துக்கொண்டு, என்னை இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்பதுபோல் அடித்த சதம். இடையில் தொடைத் தசையும் சதி செய்தது. அடுத்து வந்த மேற்கிந்தியத் தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய வேண்டும் என்று டீக்கடையில் கேட்டார்கள். பயிற்சி ஆட்டத்து ரன்னையெல்லாம் கணக்கில் சேர்ப்பார்களா என்று அதே டீக்கடையில் பதிலும் சொன்னார்கள்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி மட்டையாளர்களைச் சுடுவதைவிடக் கடுமையாக விக்கெட் கீப்பர்களைச் சுடும். ஒரு அணியில் மட்டை பிடிக்க ஆறு ஏழு இடம் உண்டு. மூன்றாவது இடத்தில் ஆள் அசையாவிட்டால் ஐந்தாவது இடத்தில் காலி வரலாம். கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். அதில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்காதவரை இரண்டாமவர் எவ்வளவு அடித்தாலும் இரண்டாமவர்தான்.

மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மைதானத்தில் லீக் ஆட்டம் நடக்கும் நாளில் போய் ஓரமாக உட்கார்ந்தால் இந்த இரண்டாமவரைப் பார்க்கலாம். ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர் முதல் கீப்பருக்கு மட்டையால் பந்துகளைத் தட்டிவிடுவார். இரண்டாமவர் பத்தடி பின்னால் நின்று, தவறி வருவதைப் பொறுக்கிப் போடுவார். தண்ணீர் இடைவேளையில் கீப்பரின் க்ளவுஸுக்குள் போடும் இன்னர் வேர்வையில் ஊறிப்போயிருக்கும். உலர்ந்த ஜோடியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவது அவர்தான். நனைந்ததை வாங்கிவந்து பிழிந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே வெயில் விழும் இடமாகப் பார்த்து விரல் விரலாக விரித்துவைப்பார். அப்படி ஒருவரிடம், “நாளைக்கு உங்களுக்குச் சான்ஸ் இருக்கா தம்பி?” என்று கேட்டேன். “அண்ணாவுக்கு விரல் சரியாயிடுச்சு சார்” என்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கீப்பர்களின் சரித்திரமே இப்படித்தான். சையத் கிர்மானி 1971லும் 1974லும் இங்கிலாந்துக்கு ஃபரூக் எஞ்சினியரின் மாற்றாளாகப் போய், டெஸ்ட் ஆடாமலே திரும்பிவந்தார். 1976 ஜனவரியில் ஆக்லாந்தில்தான் முதல் டெஸ்ட். பிறகு 88 டெஸ்ட் ஆடினார். அவருக்கு மாற்றாளாக இருந்தவர் நம் பரத் ரெட்டி. 1979இல் கிர்மானியை விட்டுவிட்டு இங்கிலாந்து போன அணியில் நாலு டெஸ்டுக்கும் பரத் ரெட்டிதான் கீப்பர். ஊர் திரும்பியதும் கிர்மானி மறுபடி வந்தார். அந்த நாலோடு பரத் ரெட்டியின் டெஸ்ட் கணக்கு முடிந்தது. பின்னாளில் கெம்ப்ளாஸ்ட் நிறுவனத்தின் கிரிக்கெட்டை அவர் பல காலம் கவனித்துக்கொண்டதும், அடையாறுப் பக்கம் ஐஐடி வளாகத்து மைதானத்தில் எத்தனையோ பையன்கள் ஆடி வளர்ந்ததும் தனிக் கதை.

ஆனால் பயிற்சி ஆட்டம் என்ற தராசில் வைத்துப் பார்க்கத் தினேஷ் கார்த்திக்கைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார். 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் முதல் ஒருநாள் ஆட்டம், நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். இருபது வயதுகூட நிறையவில்லை. அடுத்த மாதமே சிட்டகாங்கில் தோனி வந்துவிட்டார். அந்த வருடம் நைரோபியில் இந்தியா ‘ஏ’ அணிக்காகப் பாகிஸ்தான் ‘ஏ’ பந்துவீச்சை இரண்டு முறை சதமடித்துத் துவைத்தவர். பெரிய மேடை இல்லை, பெரிய கூட்டம் இல்லை. அதுவும் ஒருவகையில் பயிற்சி ஆட்டத்து ரன்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். தோனியின் முதல் நாலு ஒருநாள் ஆட்டங்கள்: முதல் பந்திலேயே ரன் அவுட்டாகி 0, பிறகு 12, ஆட்டமிழக்காமல் 7, கொச்சியில் 3. மொத்தம் 22 ரன். ஐந்தாவது ஆட்டம் 2005 ஏப்ரல் 5, விசாகப்பட்டினம், பாகிஸ்தானுக்கு எதிராக. மூன்றாவது ஆளாக அனுப்பினார்கள். 148 அடித்தார். மற்றது எல்லாருக்கும் தெரியும். அந்த வருடம் டிசம்பரில் டெஸ்ட் அணியில் கார்த்திக்கின் இடத்துக்கும் தோனி வந்தார். முதல் டெஸ்ட் எங்கே என்றால், சேப்பாக்கத்தில். கார்த்திக்கின் சொந்த ஊரில்.

நாலு ஆட்டத்தில் 22 ரன் எடுத்த பையனை ஐந்தாவது ஆட்டத்துக்கு வைத்திருந்தது மட்டுமில்லாமல், மூன்றாவது இடத்துக்கு ஏற்றி அனுப்பியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 148ஐப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அந்த 22தான் முக்கியமாகப் படுகிறது. நைரோபியில் பார்த்ததை அவர்கள் நம்பினார்கள். நம்பியதற்கு ஏற்றபடி பொறுத்தார்கள்.

கார்த்திக்குக்கு இப்படி நடந்ததா? 2013 ஜூன், சாம்பியன்ஸ் டிராபிக்கு முன்பு இங்கிலாந்தில் இரண்டு பயிற்சி ஆட்டங்கள். பர்மிங்காமில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 106. மூன்று நாள் கழித்துக் கார்டிஃப்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 146. அந்த இரண்டாவது ஆட்டத்தில் 55க்கு 5 விக்கெட் போயிருந்தது. அங்கிருந்து 211 ரன் கூட்டு. எதிர்முனையில் தோனி, 91 எடுத்தார். முதல் கீப்பரும் இரண்டாம் கீப்பரும் சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்திய அந்த மதியத்தைப் பதிவேடுகளில் தேட வேண்டும். அது அதிகாரபூர்வமான சர்வதேச ஆட்டம் இல்லை. எந்தக் கணக்கிலும் சேராது. பதில் ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 65க்குச் சுருண்டது.

அந்த ரன்கள் பலன் தந்தன. போட்டியில் மட்டையாளராகக் கார்த்திக் சேர்க்கப்பட்டார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 51, இறுதி ஆட்டத்தில் 6. இந்தியா கோப்பையை வென்றது. ஆனால் க்ளவுஸ் தோனியிடமே இருந்தது, இருக்கவும் வேண்டியதுதான். அதே இரண்டு பயிற்சி ஆட்டங்களில் இன்னொரு சென்னைக்காரர் சறுக்கினார். தொடக்க ஆட்டக்காரராக ஆடுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட முரளி விஜய்க்கு ரன் வரவில்லை. அவர் இடத்தில் ஷிகர் தவானோடு ரோகித் சர்மாவை இறக்கினார்கள். அன்றைக்கு நிலைபெற்ற ரோகித்தின் தொடக்க ஆட்டம் எத்தனை வருடம் ஓடியது என்று பாருங்கள். பயிற்சி ஆட்டம் ஒருவரை ஏற்றிவிடுவதைவிட ஒருவரை இறக்கிவிடுவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது. ஆட்டம் கண்ட நாற்காலியைத்தான் அது அசைக்கும். தோனி உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இரண்டு சதம் அல்ல, இருபது சதத்தாலும் அசைக்க முடியாது.

2018க்கு வருவோம். தோனி டெஸ்டிலிருந்து விலகி நாலாண்டு ஆகப்போகிறது. அவருக்குப் பின் டெஸ்ட் கீப்பராக இருந்த சாஹாவுக்குக் காயம். 2010 ஜனவரிக்குப் பிறகு 87 டெஸ்டுகளை வெளியிலிருந்து பார்த்த கார்த்திக் மறுபடி டெஸ்ட் கீப்பர். ஜூலையில் இங்கிலாந்துத் தொடருக்கு முன்பு செம்ஸ்ஃபோர்டில் எஸ்ஸெக்ஸ் அணியோடு பயிற்சி ஆட்டம். நாலு நாள் ஆட வேண்டியதை இந்திய அணி கேட்டுக்கொண்டதால் மூன்று நாளாகச் சுருக்கினார்கள். கோலி 68, ராகுல் 58, கார்த்திக் 82. எல்லாரையும்விட அதிகம். இளம் கீப்பர் ரிஷப் பண்ட்டும் அதே அணியில் இருந்தார். முதல் டெஸ்டில் க்ளவுஸ் கார்த்திக்குக்கு.

எட்ஜ்பாஸ்டனில் 0, 20. லார்ட்ஸில் 1, 0. மொத்தம் 21 ரன்.

நாட்டிங்காமில் மூன்றாவது டெஸ்டுக்குப் பண்ட் வந்துவிட்டார். கார்த்திக் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை.

இந்த 21ஐ அந்த 22க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு அல்ல என்று எவரும் சொல்லலாம். ஒன்று ஒருநாள் ஆட்டம், மற்றது டெஸ்ட். ஒருவருக்கு 23 வயது, மற்றவருக்கு 33. ஓவலில் கடைசி டெஸ்டில் பண்ட் 114 அடித்துத் தன்னைக் கொண்டுவந்தவர்களின் மானத்தைக் காப்பாற்றினார். அவரைக் கொண்டுவந்தது தவறென்று நானும் சொல்லத் தயாரில்லை. லார்ட்ஸில் மேகம் கவிந்த அந்த நாட்களில் ஆண்டர்சன் பந்தைத் தொட்டுத் தொட்டு எல்லாரும் விழுந்தார்கள். அணியின் மொத்தமே முதல் இன்னிங்ஸில் 107, இரண்டாவதில் 130. அந்த இரண்டு இன்னிங்ஸை வைத்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்லிவிட முடியாது. என் வழக்கு வேறு. செம்ஸ்ஃபோர்டின் 82க்கு மதிப்பு உண்டென்று நினைத்திருந்தால் அதன் விலை இரண்டு டெஸ்டாக இருக்க முடியாது. மதிப்பில்லை என்று நினைத்திருந்தால் முதல் டெஸ்டிலேயே பண்ட்டை ஆடவிட்டிருக்க வேண்டும். பாதி நம்பிக்கைக்குப் பாதி வாய்ப்பு என்ற கணக்கு யாருக்கும் உதவுவதில்லை. ஆடுகிறவருக்கும் இல்லை, அணிக்கும் இல்லை.

முழு நம்பிக்கை எப்படியிருக்கும் என்று பார்க்க வேறொரு ஆட்டத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றொருவர் உண்டு. ஒவ்வொரு நகர்விலும் பந்து அவர் கைக்குத்தான் முதலில் வரும். எங்கே எறிவது என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நம் கீப்பரைப் போல அவருக்கும் ஒரே இடம். சீசனுக்கு முன்பு அங்கே பயிற்சி ஆட்டங்கள் உண்டு. பெரிய ஆட்கள் சில நிமிடம் ஆடிவிட்டு உட்கார்ந்துகொள்ள, மாற்றாட்கள் எதிரணியின் மாற்றாட்களோடு மோதுவார்கள். 2012இல் சியாட்டில் அணி, மேட் ஃப்ளின் என்பவரைப் பெரிய தொகைக்கு எடுத்தது. அந்த ஜனவரி முதல் தேதி க்ரீன் பே அணியில் ஏரன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்த ஒரே ஒரு ஆட்டத்தில் 480 கஜம் எறிந்து ஆறு டச் டவுன் வாங்கித் தந்தவர் ஃப்ளின். ஆனால் ஆகஸ்டுப் பயிற்சி ஆட்டங்களில் அதே அணியில் புதிதாக வந்த ரஸ்ஸல் வில்சன் அவரைவிட நன்றாக ஆடினார். பயிற்சியாளர் பீட் கேரல் வில்சனை முதல் ஆளாக அறிவித்தார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. சீசனில் பாதி போனபோது நாலு வெற்றி, நாலு தோல்வி. பக்கத்தில் காசு கொடுத்து வாங்கிய ஆள் உட்கார்ந்திருக்கிறார். கேரல் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த சீசன் 11 வெற்றி 5 தோல்வியில் முடிந்தது; 2014 பிப்ரவரியில் சியாட்டில் அங்கத்திய உச்சக் கோப்பையான சூப்பர் பௌலை வென்றது. பயிற்சி ஆட்டத்தை நம்பியது சரியா என்று கேட்டால், சரிதான் என்பதற்கு அந்த ஆகஸ்டு சாட்சியாகாது; அக்டோபரில் அவர் பொறுத்திருந்ததுதான் சாட்சி.

எல்லாப் பயிற்சி ரன்னும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர் நாராயண் ஜெகதீசன் 2018 முதல் ஐந்தாண்டு சென்னை சூப்பர் கிங்ஸில் தோனிக்குப் பின்னால் நின்றவர். கிடைத்தது ஏழு ஆட்டம், 73 ரன். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே போட்டியில் ஐந்து ஆட்டத்தில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது, பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதுவரை உலகில் எவரும் அவ்வளவு அடித்ததில்லை. சாய் சுதர்சனோடு முதல் விக்கெட்டுக்கு 416. தமிழ்நாடு 506. எதிரணி 71.

இந்தக் கடைசி எண்ணைப் பார்க்காமல் 277ஐ மட்டும் பார்ப்பது பாமரத்தனம். உள்நாட்டுப் போட்டிகளுக்குள் 2018இல்தான் வந்த அணி அது. அதனால் 277 ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் சரியல்ல; அதற்கு முந்தைய நாலு சதங்கள் ஆந்திரா, ஹரியானா முதலிய அணிகளுக்கு எதிராக வந்தவை. பயிற்சி ஆட்டமோ பலவீனமான எதிரணியோ, அங்கே எண்ணிக்கை ஒருபோதும் பேசாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை எத்தனை முறை விட்டார், தேய்ந்த ஆடுகளத்தில் சுழல் பந்துக்கு எவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எடுத்தார், கால் பக்கம் போகும் பந்துக்குக் கால் முதலில் நகர்ந்ததா கை முதலில் போனதா என்பவை பேசும். இதைப் பார்க்கத் தேர்வாளர் மைதானத்துக்கு வர வேண்டும். கைப்பேசியில் ஸ்கோர் பார்ப்பவருக்கு 277 தெரியும், வேறொன்றும் தெரியாது.

அந்தப் புகழோடு கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது. 2023இல் ஆறு ஆட்டம், 89 ரன். கொல்கத்தாவும் விடுவித்தது. பார்த்தீர்களா, அருணாசலத்தின் மேல் அடித்த ரன் என்று சிரித்தவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் கோயம்புத்தூரில் சண்டிகருக்கு எதிராக ரஞ்சியில் 321 அடித்தபோது அவர்கள் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. 2025 ஜூலையில் பண்ட்டின் பாதத்தில் எலும்பு முறிந்தது. ஓவல் டெஸ்டுக்கு ஜெகதீசனை விமானத்தில் அழைத்தார்கள். துருவ் ஜுரேல் கீப் செய்தார். செப்டம்பரில் துலீப் டிராபியில் தென்மண்டலத்துக்காக வடமண்டலத்துக்கு எதிராக 197. அக்டோபரில் மேற்கிந்தியத் தொடரின் அணியிலும் பெயர் இருந்தது. ஆடும் பதினொருவரில் இல்லை.

மயிலாப்பூர்க்காரர்கள் இதைக் கேட்டால் பாடகர் ஜி.என்.பி. கதையைச் சொல்வார்கள். 1928இல் கபாலீஸ்வரர் கோயில் வசந்தோற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட முடியாமல் போக, பதினெட்டு வயது மாணவராக இருந்த ஜி.என். பாலசுப்பிரமணியத்தை மேடையில் ஏற்றினார்கள். அங்கிருந்துதான் அவர் புறப்பட்டார். திறமை இருந்தால் ஒரு நாள் போதும் என்பது அவர்கள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. அந்த ஒரு நாளுக்குப் பிறகு சபாக்கள் அவரை அடுத்தடுத்து அழைத்ததால்தான் அந்த ஒரு நாள் கதையாயிற்று. மார்கழியில் மதியக் கச்சேரி பாடுகிற இளையவருக்கு ஒரு வருடம் தொண்டை கட்டிவிட்டால், தி. நகர் சபாக்காரர் அடுத்த வருடமும் அதே மதியத்தைக் கொடுத்துவிடுவார். ஏணி மெதுவானது, சலிப்பூட்டுவது, சில பேருக்கு நாற்பது வயதுவரை சாயங்காலமே வராது. ஆனால் ஒரு படியில் கால் வழுக்கியதற்காக யாரையும் தெருவில் விடுவதில்லை. கிரிக்கெட்டில் இரண்டாம் கீப்பருக்கு அந்த மதியக் கச்சேரிகூடக் கிடையாது. ஒரே நேரடி ஒளிபரப்பு, ஒரே தீர்ப்பு.

பயிற்சி ஆட்டத்தில் நன்றாக ஆடியதால் ஒருவருக்கு இடம் சொந்தமாகிவிடாது. ஜுரேலிடமிருந்து எதையும் பறிக்க வேண்டியதில்லை. அவரும் அடித்துத்தான் வந்தார். ஆனால் காயமோ ஓய்வோ வந்து நாற்காலி காலியாகும் நாள் வரும். கீப்பர்களின் விரல்கள் அதற்கு உத்தரவாதம். அன்றைக்குத் தேர்வுக் குழுத் தலைவராக இருப்பவர், அது அஜித் அகர்கரோ அவருக்குப் பின் வருபவரோ, ஒன்று செய்யலாம். முதல் பந்து விழுமுன்பே ஆளைக் கூப்பிட்டு, இந்தத் தொடர் முழுக்க நீதான், பூஜ்யம் எடுத்தாலும் நீதான் என்று சொல்லிவிடலாம். முதல்தர ஆட்டத்தில் 321 எடுத்த ஒருவருக்குத் தண்ணீர்ப் பாட்டில் தூக்கியது போதும். ஜெகதீசனுக்கு ஒரு முழுத் தொடரைக் கொடுங்கள். அதன்பிறகு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், சேப்பாக்கத்தில் ஒரு ஆள்கூட உங்களைக் கேள்வி கேட்க மாட்டான்.